தேத்தண்ணியில் ஓடிய வண்டி

நேற்று ஹட்டனில் மழைக்கு ஒரு மெக்கானிக் கடையில் ஒதுங்கினேன். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, வெளிநாடு போய்வந்த யாரோ ஒருவருடையதாம். மெக்கானிக் கார்பரேட்டரைக் கழற்றி என்னிடம் காட்டினார். உள்ளே கித்துள் பனையில் காய்ச்சும் பாணி, அந்தப் பாகு மாதிரி மஞ்சளாய்ப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. "பெட்ரோலோடயே ஏழு மாசம் நிப்பாட்டிட்டுப் போயிருக்காங்க ஐயா. காஞ்சு, ஓட்டையெல்லாம் அடைச்சுக்கிச்சு" என்றார். அந்தப் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கல்யாண ஊர்வலமே இப்படித்தான் கெடப் பார்த்தது, கேளுங்கள்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்னக் கிளாக்கராக இருந்த காலம். சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் இருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் எங்கள் டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். ஆறு மாதப் படிப்புக்குக் கொழும்பு போகும்போது தம் மோட்டார் சைக்கிளை என்னிடம் ஒப்படைத்தார். "தம்பி, நான் திரும்பி வரேக்க இது ஸ்டார்ட் ஆகவேணும். அப்பதான் உம்மட கலியாணத்துக்குத் தருவன்." நான் ஒரு அவசரக்குடுக்கை. நிச்சயமான பெண் வலப்பனையில் இருந்தாள். உன்னை மோட்டார் சைக்கிளில்தான் அழைத்து வருவேன் என்று அன்றைக்கே கடிதம் போட்டுவிட்டேன்.

நம்ம ஊர் ஈரம்தான் தெரியுமே, பெட்டிக்குள் வைத்த வேட்டிகூடப் பூஞ்சணம் பூக்கும். ஈரம் அண்டாத இடம் தோட்டத்தில் தேயிலை ஃபாக்டரி ஒன்றுதான். டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றி, தேயிலை உலர்த்தும் அடுப்பான போறணையின் சுவரை ஒட்டிய பெட்டி அறையில், தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே வண்டியை நிறுத்தினேன். இப்படி ஒரு புத்தி தோட்டத்து ஆளுக்குத்தான் வரும். நெருப்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் காலை, ஃபாக்டரியில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று, வாசனைச் சோப்புக்கூடப் போடாத மனிதர் அவர்.

"அடப்பாவி, என்னா வேல செஞ்சு வச்சிருக்க?"

"தீப்பிடிக்கும்னு நெனைக்கலீங்க ஐயா..."

"தீப்பிடிச்சா வேற ஃபாக்டரி கட்டிக்குவாங்கய்யா! தேயில நாறுனா என் பேரு போச்சே! ஒரு சொட்டு இருக்கக் கூடாது, எடு!"

டாங்கியைக் காலி செய்தேன். குழாயை ஊதினேன். அவர் விடுவதாயில்லை. கார்பரேட்டரையும் கழற்றித் துடைக்க வைத்து, முகர்ந்து பார்த்து, மறுபடியும் துடைக்க வைத்தார். வெறும் டாங்கி துருப்பிடிக்குமே என்று நான் அழாத குறையாகக் கெஞ்சவே, இரண்டு கரண்டி மெஷின் எண்ணெய் ஊற்றிக் குலுக்கச் சொன்னார். அப்புறம்தான் வண்டி அங்கேயே நிற்கச் சம்மதித்தார். மாதக்கணக்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் காணாத வண்டி மறுபடி எங்கே ஓடப்போகிறது, அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று ஆறு மாதமும் வலப்பனை பஸ் நேரத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

டிஸ்பென்சர் வந்து, புதுப் பெட்ரோல் ஊற்றி மிதித்தார். ஒன்றுமில்லை. இன்னொரு மிதி. ஒன்றுமில்லை. சரி, பஸ்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டபோது, மூன்றாவது மிதியில் டுப்டுப்பென்று பிடித்துக்கொண்டது! புகையோடு தேயிலைத் தூளும் பறந்தது. டீமேக்கர் பயந்தது தம் தேயிலைக்காக. அவர் மட்டும் கத்தாமல் இருந்திருந்தால் நேற்றுப் பார்த்த அந்தப் பாணிதான் எங்கள் கார்பரேட்டரிலும் இருந்திருக்கும்.

கல்யாணம் முடிந்து வலப்பனையிலிருந்து கிளம்பினோம். என் தோளுயரம்கூட இல்லாதவள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நுவரெலியா தாண்டியதும் கேட்டாள். "ஏங்க, இந்த வண்டி தேத்தண்ணியிலயா ஓடுது?" வண்டி முழுக்க அப்படித் தேயிலை வாசம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதோ பார் மலை, இதோ பார் அருவி என்று கைகாட்டிக்கொண்டே ஓட்டினேன். எல்லாவற்றுக்கும், "ஆமாங்க, நல்லாருக்குங்க" என்றாள்.

அந்த ஃபாக்டரியில் இன்று ஒரு தகரம்கூட மிச்சமில்லை. டீமேக்கரும் டிஸ்பென்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவள் போய் மூன்று வருஷமாகிறது. நேற்று மழை விட்டதும் மெக்கானிக், "ஏறுங்க ஐயா, வீட்டுல விட்டுர்றேன்" என்றார். நல்ல தாட்டியான ஆள். ஆயுசில் முதல் தடவையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து, அவர் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மலையும் தெரியவில்லை, அருவியும் தெரியவில்லை, வீடு வரைக்கும் அவர் முதுகுதான். அடிப்பாவி, வழியெல்லாம் "நல்லாருக்குங்க" என்றாளே!