நாற்பத்தொன்றாவது நிபந்தனை

எங்கள் ஆபீஸில் அவருக்குப் பெயர் 'சரிங்கசார்'. பக்கத்து மேஜையில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். அதிகாரிகளிடம் அவர் வேறு பதில் சொல்லிக் கேட்டதில்லை.

மருத்துவமனை நர்சுகளின் இடமாற்றப் பட்டியலைக் கம்ப்யூட்டர்தான் தயாரிக்கும். டேட்டாபேஸுக்குள் அதற்கான நிரலை, 'ஸ்டோர்டு ப்ரொசீஜர்' என்பார்கள், எழுதியவர் அவர். வருகிற ஒவ்வொரு அதிகாரியும் தன் ஆளுக்காக ஒரு நிபந்தனை சொல்வார். முன்னவர் போட்டதை எடுக்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஒன்றின் வயிற்றுக்குள் ஒன்றாகச் செருகிச் செருகி நாற்பது ஆகிவிட்டது.

அவர் மனைவியும் நர்ஸ். ஒன்பது வருடமாக எட்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் வேலை. ஊரில் உள்ளவர்களையெல்லாம் குடும்பத்தோடு சேர்த்துவைத்த மனிதர், தன் வீட்டுக்காக வாயைத் திறந்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இந்த முறை எங்கள் ஊர் மருத்துவமனையில் ஒரே ஓர் இடம் காலி. புது அதிகாரி, "கணவன் மனைவி ஒரே ஊர்ல இருக்கணும். பிரிஞ்சு ரொம்ப வருஷமானவங்க முதல்ல. அப்படி ஒரு விதி போடுங்க" என்றார். அப்படிப் பார்த்தால் இவர் மனைவிதான் முதலில். ஆசை ஆசையாக எழுதி ஓட்டினார். சர்வர் ஏற்கவில்லை: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ.

பாதி நிபந்தனையை வெட்டிப் பார்த்தார், ஏற்றுக்கொண்டது. "எழுதினதுல தப்பில்ல. உள்ள உள்ளன்னு போய்த் திரும்பறதுக்குள்ள மெமரி நிரம்பிடுது" என்றார். அந்த மெமரி வரம்பை உயர்த்தும் உரிமை தலைமை அலுவலகத்துக்கு. மூன்று மெயில் அனுப்பினார். கிணற்றில் போட்ட கல். கடைசியில் நாற்பத்தொன்றையும் உருவி, ஓர் அட்டவணையில் வரிக்கு ஒன்றாக வைத்தார். ப்ரொசீஜர் மேலிருந்து கீழே படித்தால் போதும். ஒன்பது நாள் உழைப்பு. சர்வர் பிழை சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. சோதனைப் பட்டியலில் மனைவி பெயர் முதலில். உடனே ஃபோன் போட்டு, "பெட்டியக் கட்டு" என்றார்.

அதிகாரி பார்க்க வந்தார். "இனிமே விதி சேர்க்கணும்னா கஷ்டமா?"

"ஒரே வரி சார். மேல போட்டா அதுக்குத்தான் முதலிடம்." வாழ்க்கையில் முதன்முறையாகப் பெருமையடித்துக்கொண்டார், பாவி.

"அப்படியா? என் மச்சினிக்கு ஒரு வரி போடுங்க. எல்லாத்துக்கும் மேல."

இன்றைக்காவது முடியாது என்பார் என்று நான் காத்திருந்தேன்.

"சரிங்க சார்."

அரை நிமிடம்கூட ஆகவில்லை. சாயங்காலம் அந்த ஓர் இடத்தில் மச்சினி பெயரோடு பட்டியல் போனதும் மனைவி கூப்பிட்டார். "யாருங்க போட்டது அந்தப் பேர?" என்ற அழுகை என் மேஜை வரை கேட்டது.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "யாரும் போடலம்மா. சிஸ்டம் அப்படி எடுத்திருக்கு."