கோவைப் பேருந்தில் மூன்று கருப்பு

காலை எட்டு மணிக்குள் காங்கேயத்தைவிட்டு ஆறு கிலோமீட்டர் நடந்திருந்தேன். கார்த்திகை மழையில், தேங்காய்த் தொட்டியை, அதாவது கொட்டாங்குச்சியை, சுட்டுக் கரியாக்கும் குழிகளில் தண்ணீர் புகுந்து என் வேலை நின்றுபோயிருந்தது. கோவை கணபதியில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரிக்கு ஆள் எடுப்பதாகக் கேள்வி. ஆனால் இரண்டு வருடக் கரி என் கைரேகைக்குள் இறங்கியிருந்தது. இந்தக் கையைக் கண்டால் யாரும் வேலை தரமாட்டார்கள் என்று நினைத்து, ஒரு பெட்டிக்கடையில் பத்து ரூபாய்க்குச் சலவைத்தூள் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சாலையோரத் தோட்டத்தில் ஒரு காளை நின்றது. எங்கள் பக்கத்துக் காளைக்கு உடம்பு வெளுத்திருந்தாலும் கழுத்தும் திமிலும் கருத்திருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள். காட்டுக்குக் காவல் நிற்கிற சாமியும் கருப்பராயன். பல்லடம் நெருங்க மண்ணும் கருக்கும். அந்த மண்ணில் விளைந்த பருத்திதான் கோவை மில்களை ஓட்டியது.

ஒன்பது மணிக்கு வழியில் கோவைப் பேருந்து ஏறினேன். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் இரண்டு பேர். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டவர், கருப்பு வேட்டி. பக்கத்தில் ஒரு பெரியவர், சாமியே இல்லை என்று சொல்லிக் கருப்புச் சட்டை போடுகிறவர். என்னைக் கண்டதும் இருவரும் சேர்ந்தே பரந்து உட்கார்ந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி, கரி ஒட்டிக்கும்" என்றார் மாலைக்காரர்.

"உங்க வேட்டியும் கருப்புத்தானுங்களே சாமி. ஒட்டினாலும் தெரியாதுங்க" என்றேன்.

பெரியவர் மட்டும் சிரித்தார்.

முன் இருக்கைப் பெண்ணின் மடியில் கைக்குழந்தை. அழுது அழுது கன்னத்துப் பொட்டு கரைந்திருந்தது. அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, அது தொட்டிக்கரிதானுங்களா?"

"ஆமாங்க அம்மணி."

என் பெருவிரலில் தன் விரலைத் தேய்த்துக் குழந்தையின் கன்னத்தில் வைத்தாள்.

"கண்ணு படறதெல்லாம் மூடநம்பிக்கை அம்மணி" என்றார் பெரியவர்.

"அழகுக்குத்தானுங்க ஐயா வெச்சேன். உங்க சட்டையாட்டமே."

இந்தத் தடவை மாலைக்காரர் சிரித்தார். பிறகு இருவரும் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

கோவைச் சிங்காநல்லூரில் இறங்கியதும் குழாயடிக்குப் போனேன். முகம் மட்டும் கழுவினேன். குழந்தையின் கன்னத்துப் பொட்டுக்கு உதவிய கரியைச் சலவைத்தூள் போட்டுத் தேய்த்து அழிக்க மனம் வரவில்லை.

காலையில்தான் ஆள் எடுப்பார்கள் என்றதால் அன்றிரவு பேருந்து நிலையத்திலேயே படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஏழு மணி, கணபதி. பவுண்டரி மேஸ்திரி என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்கீங்க வேலை பாத்தீங்க?"

"கரிக்குழியிலுங்க. ரெண்டு வருசம்."

"அப்பச் சூடு தாங்குவீங்க."

அவர் கையும் என் கை மாதிரியேதான் இருந்தது. வெந்து கருத்த வார்ப்பு மணலைச் சலிக்கச் சொல்லிச் சல்லடையை நீட்டினார். ஏழேகாலுக்குத் தொடங்கினேன்.