மூன்று எண்ணுவதற்குள்

முடிதிருத்துபவருக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. சோப்பு நுரையைக் கலக்குவார், வாசலுக்குப் போவார், திரும்பி வருவார். தடுப்பூசி போட்ட இரவே மூத்தவனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்ததை அவரால் மறக்க முடியவில்லை. பிள்ளை தேறிவிட்டான், அப்பாவின் பயந்தான் தேறவில்லை. அதனால் சின்னவளுக்கு ஊசியே போடவில்லை. ஊசி போடாத பிள்ளையைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்க அந்த ஊர்ச் சட்டம் விடாது.

“என் பொண்ணு, என் இஷ்டம்!” என்று முந்தின நாள் காப்பகத்து அம்மாவிடம் பொரிந்து தள்ளியிருந்தார்.

“சரிண்ணே. ஒருத்தர் உங்க கடைக்கு வந்து, ‘என் முகம், என் இஷ்டம், பழைய பிளேடே போடு’ன்னா போடுவீங்களா?”

“அதெப்படி? ஒருத்தர் நோய் இன்னொருத்தருக்கு ஒட்டிக்குமே!” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இங்கேயும் தொட்டில்ல ஊசி போடுற வயசு வராத கைக்குழந்தைங்க கிடக்குண்ணே.”

இப்போது மருத்துவமனையில் மகள் அவர் மடியில் இருந்தாள். மூத்தவன் கதையைக் கேட்ட டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லியும் அவர் கால் ஆட்டம் நிற்கவில்லை.

“பாப்பா சும்மா இருக்கா, நீங்கதான் நடுங்குறீங்க!” என்றார் நர்ஸ்.

கடையில் அழுகிற பிள்ளைகளிடம், மூன்று எண்ணியதும் வெட்டுவேன் என்பார், இரண்டிலேயே வெட்டிவிடுவார். மகளின் காதருகே குனிந்தார்.

“மூணு எண்ணினதும் ஊசி, என்ன கண்ணு? ஒண்ணு... ரெண்டு...”

நர்ஸுக்குத் தலையசைத்தார்.

“மூணு சொல்லவே இல்லியேப்பா!” என்று வீறிட்டாள் மகள்.

அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. வீடு போய்ச் சேருவதற்குள் அந்தக் கை இன்னும் எத்தனை முறை அங்கே போனதோ!