கிளை வைக்காமல் வெட்டிய பிரம்பு

ஈரப் பிரம்பைப் பெருவிரலின் கீழ் அழுத்தி, தேயிலை கவ்வாத்துக் கத்தியால் நான்காகக் கிழித்தன வீரபத்திரனின் கைகள். ஒரு கீற்றை மூங்கில் சட்டத்தில் இருமுறை சுற்றி இழுத்து, முடிச்சை அடிப்பக்கம் தள்ளின. மேலே இருந்தால் படுப்பவரின் முதுகில் உறுத்தும். மூன்றாவது முடிச்சில் கைகள் நின்றுவிட்டன. அப்போதுதான் நினைவு வந்தது.

வீரபத்திரன், இலங்கை மலையகத்தில் றொசல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடை பின்னுகிறவர். பத்து வருடமாக மலையுச்சிக் காட்டில்தான் பிரம்பு வெட்டுகிறார். அரசாங்கம் காவல் போட்ட காடு. வெட்டுவதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டைக்கூட அவர் ஒருமுறை வீட்டில் விட்டுப் போயிருக்கிறார், கிளையை விட்டதில்லை. உள்ளே காலெடுத்து வைக்குமுன் பச்சைக் கிளை ஒன்றை ஒடித்து, காட்டோரத்து மரக் கவட்டில் தொங்கவிட வேண்டும். அடிவாரத்துச் சிங்களவர்கள் அதை ஐயநாயக்க தெய்வத்துக்கு வைக்கிறார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அவர் ஐயனார். கிளை வைக்காமல் எடுத்த பிரம்பு ஆளைச் சுமக்காது என்று வீரபத்திரன் நம்பினார்.

இன்று ஓட்டமாக ஓடியதில் மறந்துவிட்டார்.

மேல் லயத்து வரிசை வீட்டில் பரிமளத்துக்கு விடியற்காலையில் பிரசவ வலி எடுத்து, இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. கம்பளியில் தூளி கட்டினால் உடம்பு மடங்கும், மட்டமாகப் படுக்கவைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். நாலு மைல் இறக்கம். கதவைக் கழற்றிப் பார்த்தார்கள். படிக்கட்டு வளைவில் அது திரும்பவில்லை. அதனால்தான் இந்தப் பிரம்புத் தூக்குப்படுக்கை.

பரிமளத்தின் புருஷன் நல்லமுத்து வந்து நின்றான். "என்னண்ணே, கை நிக்குது?"

வீரபத்திரன் மறைக்கவில்லை. "கிளை வைக்காம வெட்டிட்டேன்டா. திரும்பப் போய் வேற வெட்டியாந்தா மூணு மணி நேரம்."

நல்லமுத்துவின் தாய் சண்முகவடிவு வாசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப அது வேணாம். இப்பவே பாடை மாதிரித்தான் இருக்கு."

"பாடைக்குக் குறுக்குக் குச்சி வச்சுக் கட்டுவாங்க ஆத்தா. இது பின்னல். சுத்தி விளிம்பும் வைக்கிறேன்."

"விளிம்பு வச்ச பாடை."

உள்ளேயிருந்து பரிமளத்தின் குரல் மெலிதாக வந்தது. "அத்தே, நான் இன்னும் சாகலே. அண்ணன் கட்டட்டும்."

வீரபத்திரன் மறுபடி கீற்றை எடுத்தார். அவசரத்திலும் ஒரு பின்னலைக்கூட விடவில்லை. தளர்ந்ததாகத் தோன்றிய இரண்டைப் பிரித்து மறுபடி போட்டார். கீழே பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அது லயத்தை எட்டினால் பாதை தெரியாது.

கடைசி முடிச்சு இறுகியதும் அவரே அதில் ஏறிப் படுத்தார்.

"தூக்குங்கடா. தண்ணி புடிக்கிற பீலி வரைக்கும் போய் வாங்க. குறை இருந்தா அது என்னோட போகட்டும்."

நாலு பேர் தூக்கினார்கள். பீலியருகே காலடிப் பக்கம் கிறீச்சென்றது. இறக்கியதும் வீரபத்திரன் குனிந்து ஒவ்வொரு முடிச்சாகத் தடவினார். ஒன்று அரை விரல் நகர்ந்திருந்தது. அதை அறுத்து, இரட்டைக் கீற்றால் கட்டி, முழங்காலை ஊன்றி அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஆனாலும் வைக்காத கிளை அவர் மனதை உறுத்தியது.

சண்முகவடிவு தன் கம்பளியைக் கொண்டுவந்து பின்னலின்மேல் விரித்தாள்.

பரிமளத்தை அதில் கிடத்தியதும், வீரபத்திரன் முன்கழியை உயர்த்தி நல்லமுத்துவின் கையில் கொடுத்தார்.