அஸ்காவின் இரண்டாவது கார்ட்

கரைத்தீவில் கல்யாணப் படம் நன்றாக எடுக்கிறது யார் என்று கேட்டால், பத்துப் பொம்பிளைகளில் ஒன்பது பேர் அஸ்கா என்பார்கள். பத்தாவது ஆள் அஸ்காவின் மாமியார். சரி, அந்தப் படங்களில் ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால் பத்துப் பேருமே முழிப்பார்கள். காட்ட முடியாது. அவளுடைய தொழிலின் விசேஷமே அதுதான்.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறாம் ஆண்டு, முசலியிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தபோது அவளுக்கு எட்டு வயது. இப்போது முப்பத்தாறு. இருபத்தெட்டு வருடமாக இங்கேயே இருந்தாலும் அரசாங்கக் கடிதங்களில் அவள் இன்னும் 'இடம்பெயர்ந்தவர்'தான். புருஷன் அம்ஜத் புத்தளத்து உப்பளத்தில் வேலை. அஸ்கா கல்யாண வீடுகளில் பொம்பிளைகள் பக்கம் மட்டும் படம் எடுப்பவள். அந்தப் பக்கம் ஆண் வாடையே இருக்கக்கூடாது. வேலை முடிந்ததும் கமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றி, பெண்ணின் உம்மாவின் கையில் வைத்து, "இந்தாங்க, உங்கட அமானிதம்" என்று, நம்பிக் கொடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவள்போலச் சொல்லிவிட்டு வெறுங் கமராவோடு வீட்டுக்கு வருவாள். அந்தக் கார்ட் புத்தளத்தில் நஃபீஸாவிடம் போகும். நஃபீஸா வீட்டு முன்னறையில் அச்சு இயந்திரம் வைத்திருக்கிறாள். அங்கேயும் படலை தாண்டி ஆண்கள் வருவதில்லை. அங்கிருந்து அல்பமாகி, கல்யாணச் சாறிக்கும் கற்பூர உருண்டைக்கும் நடுவில் அலுமாரிக்குள் போய்ப் படுத்துவிடும். பதினாலு வருடமாக இதே ஒழுங்கு. சமைக்கிறவளுக்குச் சட்டி வழிக்கவாவது கிடைக்கும். அஸ்காவிடம் அவள் எடுத்த ஒரு படம்கூட இல்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான் மீடியம் ஃபோமட் கமரா ஒன்றின் மேல் எட்டு மாதமாக ஆசை.

வழக்கமான கமராவுக்குள் வெளிச்சம் விழும் தகடு முத்திரை அளவு என்றால், இதற்குள் இருப்பது தீப்பெட்டி அளவு. படத்தைச் சுவர் முழுக்கப் பெருப்பித்தாலும் கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதைப் பற்றிய வீடியோக்களை அவள் போனில் பார்த்துக்கொண்டே சமைப்பாள். கறிக்கு உப்பு இரண்டு தரம் விழும்.

"பகல் முழுக்க உப்புக்குள்ள நிண்டுட்டு வாறேன். வீட்டுலயும் உப்பா?" என்பான் அம்ஜத். பிறகு, கறியை விட்டுவிட்டுக் கமராவுக்கு வருவான். "அப்ப உன்ட பழைய லென்ஸ்?"

அந்த லென்ஸ் அவளுடைய முதல் வருமானத்தில் வாங்கியது. அதைத் துடைக்கிற துணியால் வேறெதையும் துடைக்க விடமாட்டாள்.

"அது இதுக்குப் பொருந்தாது. நடுவுல வளையம் ஒண்டு போடணும். போட்டாலும் நாலு மூலையும் இருண்டுபோகும். சின்னத் தகட்டுக்குச் செஞ்ச லென்ஸ்தானே, பெரிய தகட்ட மூடக் காணாது."

"அப்ப லென்ஸும் புதுசு."

"ஓம். முகத்துக்கு ஒண்டு, அறைக்கு ஒண்டு."

"அறைக்குத் தனியாவா? எங்கட வீட்டுல இருக்கிறதே ஒரு அறை."

"அதாலதான் வேணும். கரைத்தீவுல பொண்ணுட கதிரை சுவருல முட்டும், என்ட முதுகு அலுமாரியில முட்டும். அகலமான லென்ஸ் இல்லாட்டி ஆள் பாதிதான் வரும்."

அம்ஜத் பாண் துண்டைக் கறியில் தோய்த்தபடி யோசித்தான். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு யோசிக்க நேரம் அதிகம். "சுவர் அளவுக்குப் பெருப்பிக்கிற படம். எடுத்து வைக்கிறது அலுமாரிக்குள்ள. அதுக்கா புள்ள இவ்வளவும்?"

அஸ்கா கத்தியை எடுத்தாள். நாளைக்கு வேண்டிய வெங்காயத்தை இன்றைக்கே வெட்டத் தொடங்கினாள்.

கண்டக்குழி ஜெனிஸ்டன் போனில் அழைத்தது அந்த வாரந்தான். அவன் மாதா கோயில் கல்யாணங்களும், கடற்கரை லொட்ஜுகளின் விளம்பரப் படங்களும் எடுப்பவன். பட்டத்தில் தொங்கிக்கொண்டு அலைமேல் பாய்கிற வெள்ளைக்காரர்களைப் படம் பிடிக்கவென்று அதே கமராவை இரண்டு லென்ஸோடு வாங்கியிருந்தான்.

"ஏமாந்துட்டேன் அக்கா, விக்கப்போறேன். வெள்ளைக்காரன் பறந்து, விழுந்து, எழும்பி, சாப்பிடப் போனதுக்குப் பிறகுதான் இது ஃபோகஸ் ஆகுது. அசையாம இருக்கிற ஆக்களுக்குத்தான் இது சரி. கல்யாணப் பொம்பிளைக்கு எழுதிவச்ச மாதிரி."

"எங்கட பொண்ணுகள் அசையாம இருக்கிறெண்டு ஆர் தம்பி சொன்ன?"

"ஒரு கல்யாணத்துக்குக் கொண்டுபோய் எடுத்துப் பாருங்களன். திங்கக்கிழமை கொழும்பில இருந்து ஒரு ஆள் பார்க்க வாறார். அதுக்கு முதல் சொன்னா உங்களுக்குத்தான்."

சனிக்கிழமை றிஸ்மினாவின் கல்யாணம். றிஸ்மினாவின் உம்மா பளீலா, இடியப்பம் அவித்து விற்று ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவள். ஊரிலேயே சந்தேகம் கூடிய மனுசி. "ஒரு படமும் வெளிய போகாதே?" என்று அஸ்காவிடம் மூன்று தரம் கேட்ட பிறகுதான் நாளைக் குறித்தாள். பளீலா ஒரு வார்த்தை சொன்னால் கரைத்தீவு முழுக்க அது சட்டம்.

புதுக் கமரா சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. பழையதில் அஸ்கா கோழி அரிசி கொத்துகிற மாதிரிப் படம் எடுப்பாள். இதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. "கொஞ்சம் அசையாதீங்க" என்றாள். பிறகு இன்னொரு தரம். மூன்றாம் தரம் சொன்னபோது அறையே அடங்கிப்போனது. காலையிலிருந்து ஐந்து மாமிகளுக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்த றிஸ்மினா அன்றைக்கு முதல் தடவையாகச் சும்மா இருந்தாள். அந்த நேரம் பார்த்து, முக்காட்டில் ஒரு ஊசி கழன்றிருக்கிறதென்று பளீலா வாயில் ஊசியோடு குனிந்தாள். அஸ்கா அழுத்தினாள்.

மஃரிப் தொழுகைக்கு முன்னம் கார்டைக் கழற்றி, "இந்தாங்க ராத்தா, அமானிதம்" என்று கொடுத்தாள். பளீலா அதைச் சாறித் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

ஞாயிறு காலையில் அஸ்கா கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஜெனிஸ்டன் அழைத்தான்.

"கல்யாணம் எப்பிடி அக்கா? படத்துக்குப் பயப்பிடாதீங்க. ஒரு கார்ட் பழுதானாலும் மற்றக் கார்ட்ல எல்லாம் இருக்கும். அப்பிடித்தான் நான் செட் பண்ணி வச்சிருக்கேன்."

"எந்த மற்றக் கார்ட்?"

அவளுடைய பழைய கமராவில் கார்ட்டுக்கு ஒரே பொந்துதான். இதில் இரண்டு; அடுத்த பொந்தில் ஜெனிஸ்டன் விட்டுவைத்த கார்டை அவள் கவனிக்கவில்லை. உலகத்தில் வேறெந்தப் படக்காரரும் இதைக் கேட்டு நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார். அஸ்கா துணியைப் போட்டுவிட்டுக் கமராவின் பக்கத்து மூடியைத் திறந்தாள். கரைத்தீவுப் பொம்பிளைகள் நூற்றுச் சொச்சம் படங்களில் அவளுடைய மேசையில் இருந்தார்கள். ஜெனிஸ்டன் அழைத்திராவிட்டால் நாளைக்குக் கண்டக்குழிக்கும் போயிருப்பார்கள்.

"அழிச்சிரன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் அம்ஜத்.

"அழிச்சேன் எண்டு நான்தானே சொல்லணும். அத அவங்க எப்பிடி நம்புற? இது வெளிய வந்தா பிறகு ஒருத்தரும் என்னை அறைக்குள்ள எடுக்கமாட்டாங்க. கமராவும் வேணாம், லென்ஸும் வேணாம், வீட்டுல இருந்து வெங்காயம் வெட்டலாம்."

கார்டை எடுத்து உறையில் போடத்தான் போனாள். ஆனால் கை நின்றது. பதினாலு வருடத்தில் அவள் தன் படமொன்றை ஆறுதலாக இருந்து பார்த்ததில்லை. அம்ஜத் அதைக் கண்டான். எழும்பி, கதிரையைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

"பாக்கிறெண்டா பாரு. எனக்குச் சுவர் போதும்."

ஒரே ஒரு படம் திறந்தாள்.

"நல்லா இருக்கா?" என்று சுவரிடம் கேட்டான் அம்ஜத்.

கல்யாணம் எப்படி, சாப்பாடு என்ன என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறான். இதை ஒருநாளும் கேட்டதில்லை. அஸ்கா கமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ஒரு உம்மா. வாயில ஊசி. ஊசிட நுனி கூடத் தெரியுது. விரல் நுனியெல்லாம் வெந்து தடிச்சிருக்கு, இடியப்பம் அவிச்ச கை. அந்தக் கையாலதான் அந்த மெல்லிசுத் துணியப் பிடிச்சிருக்கா, கிழிஞ்சிருமோ எண்ட மாதிரி."

"பிறகு?"

"கண்ணுல தண்ணி. விழேல்ல. விழவிடாம வச்சிருக்கா."

"கமராவா புள்ள நல்லம், நீயா?"

அஸ்கா கார்டைக் கழற்றி உறையில் போட்டாள். இந்த முறை வெங்காயத்தைத் தேடவில்லை.

கல்யாணத்துக்கு மறுநாள் வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது பளீலாவின் வீடு. முற்றத்தில் சட்டிகள் குவிந்திருக்க, பளீலா வட்டிலப்பத் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அஸ்கா கமராவையும் கார்டையும் கதிரையில் வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். பளீலாவின் முகம் இறுகியது.

"இத ஆரெல்லாம் பாத்த?"

"நான் மட்டுந்தான் ராத்தா. ஒரு படம்."

"அத்தின படத்துல ஒண்டுதானா?"

"அல்லாஹ் மேல ஆணையா, ஒண்டுதான்."

"எந்தப் படம்? காட்டு."

பளீலா கையைக் கழுவி, துடைத்து, கமராவைப் பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோல வாங்கினாள். அஸ்கா படத்தைப் பெருப்பித்துக் காட்டினாள். கல்யாண அல்பங்களில் உம்மாமார் வருவது கடைசியில், சொந்தக்காரர் வரிசையில் விறைத்துக்கொண்டு. மற்ற நேரமெல்லாம் அவர்கள் வேலையாக இருப்பார்கள்.

"அழேல்ல எண்டு எல்லாருட்டயும் சொல்லிட்டனே," என்றாள் பளீலா மெதுவாக. பிறகு, "இத எவ்வளவு பெரிசாக்கலாம்?"

"இந்தச் சுவர் அளவுக்கு."

"சுவருல வைக்கேலாது. ஆம்பிளைகள் வாற இடம்." அறையைச் சுற்றிப் பார்த்தாள். கண் அலுமாரியில் போய் நின்றது. "இதுட கதவு உள்பக்கம் வெறும் பலகைதானே? நஃபீஸாட்ட அளவு சொல்லி வை, கார்ட நானே கொண்டுபோய் அடிச்சு எடுக்கிறேன். கதவு முழுக்க வரணும். புள்ள நாளைக்கு மாப்பிள்ளையோட கொழும்புக்குப் போறா. சாறி எடுக்கத் திறக்கிற நேரம் நான் பாத்துக்குவேன்."

"திறக்கிற நேரம் மட்டுமா ராத்தா?"

"ஒரு நாளைக்குப் பத்துத் தரம் திறப்பேன். என்ட அலுமாரிதானே!"

கார்டைச் சாறித் தலைப்பில் முடிந்துகொண்டு பளீலா மறுபடி தட்டைச் சுரண்டப் போனாள். போகிற போக்கில், "நீ சொல்லாட்டி எனக்குத் தெரியவா போகுது, விசரி" என்றாள். பளீலாவின் அகராதியில் 'பைத்தியக்காரி' என்றால் அது சான்றிதழ்.

படலையடியிலேயே அஸ்கா போனை எடுத்தாள்.

"தம்பி, கொழும்பு ஆளை வரவேணாம் எண்டு சொல்லுங்க. கமராவும் முகத்து லென்ஸும் எனக்கு. அறை லென்ஸுக்குக் காசு காணாது, அது உங்கட்டயே இருக்கட்டும்."

"கமரா இல்லாம அத வச்சு நான் என்ன செய்யிற அக்கா, மீனா பிடிக்கிற? ரெண்டையும் எடுங்க. பழைய லென்ஸைப் பூட்டுற வளையத்தையும் சும்மா தாறேன்."

பூச்சுக்கென்று சேர்த்த சீட்டுக் காசு அந்த மாதம் விழுந்து கமராவுக்குப் போனதால் வீட்டுப் பின்சுவர் இன்னும் ஒரு வருடம் பூச்சில்லாமல் நின்றது. அம்ஜத் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாமியார் திறந்தார்.

வளையத்தைக் கொண்டுவந்த ஜெனிஸ்டன், கமராவின் பக்கத்து மூடியைத் திறந்து பார்த்துத் திடுக்கிட்டான். இரண்டாவது கார்ட்டின் பொந்தில் புண்ணுக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் குறுக்கும் மறுக்குமாக ஒட்டியிருந்தது.

"ஐயோ அக்கா, இது பாதுகாப்புக்கு உள்ளது!"

"அதாலதான் ஒட்டினேன்."

அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு அம்ஜத் வேலையிலிருந்து வந்த கோலத்திலேயே, காலில் உப்புப் பூத்திருக்க, பூச்சில்லாத சுவருக்கு முன்னால் போய் நின்றான். "எனக்குக் காட்டக்கூடிய படமா ஒண்டு எடு" என்றான். அஸ்கா வளையத்தைப் போட்டுப் பழைய லென்ஸையே பூட்டினாள். அசையாதீங்க என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்த வீட்டுச் சுவரில் ஒரே ஒரு படம் தொங்குகிறது. நாலு மூலையும் இருட்டு, நடுவில் அம்ஜத். வருகிறவர்களுக்கெல்லாம் அவன்தான் காட்டுவான்.

"அஸ்கா எடுத்தது. மத்தப் படமெல்லாம் இதவிட நல்லம். நான் பாக்கேல்ல."