தம்பியின் பழைய ஐசி

தம்பி கனடாவிலிருந்து வருகிறான் என்றதும் நான் முதலில் வாங்கியது ஒரு கொப்பி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவர்களுக்கு இங்கே என்னென்ன சட்டம் என்று போனில் தேடித் தேடி அதில் எழுதினேன். விசாவுக்கு முன்னமே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். குடிவகை எத்தனை போத்தல் கொண்டுவரலாம், எந்த மருந்துக்கு டொக்டர் எழுதிய துண்டு வேண்டும், சுங்கத்தில் எந்த வாசலால் வெளியே வர வேண்டும். கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தேன்: கனடா லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே வாகனம் ஓட்ட முடியாது, தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும், அதை இப்போது விமான நிலையத்திலேயே எடுக்கலாம்.

ஒவ்வொன்றாக அவனுக்குப் போனில் வாசித்தேன். எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா, ஓம்" என்றான். அந்த ஓமை நான் சின்ன வயதிலிருந்தே அறிவேன். கேட்கவில்லை என்று அர்த்தம்.

"உம்மைச் சுங்கத்தில வேலைக்கு எடுத்திருக்கோணும்" என்றார் என் வீட்டுக்காரர். கண்ணில் ஒப்பரேஷன் செய்து, கறுப்புக் கண்ணாடியோடு கதிரையில் சாய்ந்திருந்தவருக்கு நக்கலுக்குக் குறைவில்லை.

என் பயம் சும்மா வந்ததல்ல. போன வருஷம் அம்மா இறந்தபோது தம்பி அங்கே நெஞ்சு ஒப்பரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். செத்தவீட்டைப் போனில் பார்த்தான். கொள்ளி வைத்தது பெரியப்பாவின் மகன். "கொள்ளிதான் வைக்கேல்லை, வருஷம் திரும்பிற ஆட்டைத் திவசமாவது என்ர கையால செய்யோணும்" என்று அழுதான். அந்த ஒரு காலைக்காகத்தான் டொக்டரோடு சண்டை பிடித்து வந்தான். அது தவறிப்போனால் அவனுக்கு இன்னொரு தரம் வர உடம்பு இடம் கொடுக்குமோ தெரியாது.

திவசத்துக்குக் குருக்கள் நயினாதீவிலிருந்து முதல் படகில் வருவதாக ஏற்பாடு. மத்தியானம் அவருக்கு அங்கே வேறு அலுவல். பதினொரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து அவரை ஏற்றிவர ஓட்டோ பேசியிருந்தோம். விடிந்தது, ஓட்டோ வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

"அத்தானின்ர கார் நிக்குதுதானே" என்று தம்பி கார்த் திறப்பைத் தூக்கினான்.

"ஓட்டுறதுக்குப் பேமிற் எடுத்தனியே?"

"நான் பிறந்த ஊர் அக்கா. கண்ணை மூடிக்கொண்டு கார் ஓடுவன்."

அவன் கண்ணை மூடுவான் என்றுதான் நானும் பயந்தேன். ஆனால் குருக்கள் துறையில் வெயிலில் நிற்பார் என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. சரி என்றேன். என்றுவிட்டு, நான் செய்த காரியம்தான் பெரிய விசர்க் காரியம். அவனுடைய கனடா பாஸ்போட் தொலைந்துபோகக் கூடாது என்று அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகினேன். அதே அலுமாரியில், அம்மா சாதகங்களோடு சேர்த்துக் கைலேஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்த அவனுடைய பழைய ஐசியையும் இலங்கை லைசென்ஸையும் எடுத்து அவனுடைய சட்டைப் பையில் வைத்தேன்.

இது எங்களுக்குள் ஊறிப்போன பழக்கம். சண்டைக் காலத்தில் ஐசி என்கிற அந்த அடையாள அட்டை இல்லாமல் யாரும் வீட்டுப் படலை தாண்ட மாட்டோம். ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கி, வரிசையில் நடக்கவிட்டு, முகத்தையும் அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். வெளியே கிளம்பும் எவரிடமும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, "ஐசி எடுத்தாச்சோ?" சாப்பிட்டாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். தம்பி நாட்டை விட்டுப் போனபோது, வழியில் பிடிபட்டால் பிரச்சினை என்று ஐசியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். "வந்தால் தேவைப்படும்" என்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அம்மா அதைக் காத்தாள்.

எங்கள் ஊர் புளியங்கூடலில் ஒழுங்கையால் தெருவுக்கு ஏறியவுடனேயே தம்பி வலப்பக்கம் பிடித்தான். "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று பக்கத்துச் சீற்றில் இருந்து கத்தினேன். எதிரே வந்த சைக்கிள்காரர் பற்றைக்குள் இறங்கி எங்கள் பரம்பரையையே திட்டினார். தம்பிக்கு வியர்த்தது. கியர் மாற்றும் பழக்கமும் விட்டுப்போயிருந்தது. அந்தக் காலைவேளையில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

துறை இருக்கும் புங்குடுதீவுக்குக் கடலுக்குள்ளால் போகும் தாம்போதிக்குக் கொஞ்சம் முன்னால் பொலிஸ் நின்றது. கை நீட்டி மறித்தார்கள். கிட்ட வந்தவர் இளம் பொடியன், சிங்களவர். தமிழைத் தேடித் தேடிப் பேசினார்.

"ஐயா, லைசன்."

தம்பி சட்டைப் பையிலிருந்து இரண்டையும் எடுத்துக் கொடுத்தான். பொலிஸ்காரர் ஐசியைப் பார்த்தார். படத்தில் மீசை அரும்பிய, சுருட்டை முடிப் பொடியன். காரில் மொட்டை விழுந்த ஐம்பது வயதுக்காரர். பிறகு, பின் சீற்றில் தம்பி போட்டிருந்த கனடாப் பையைப் பார்த்தார். விமான நிலையத்தில் ஒட்டிய பெயர்த் துண்டை அதிலிருந்து யாரும் கழற்றவில்லை.

"ஐயா எந்த நாடு?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொப்பியில் எழுதியதெல்லாம் கண்முன் ஓடியது. கனடாக் குடியுரிமை எடுத்தவன், சுற்றுலா விசாவில் வந்தவன், அனுமதி இல்லாமல் கார் ஓட்டுகிறான். போதாக்குறைக்கு, இலங்கைப் பிரஜை என்று சொல்லும் அட்டையைப் பொலிசிடம் நீட்டியிருக்கிறான். அவனுக்கு உரிய கடவுச்சீட்டு என் அலுமாரியில். திறப்பு என் இடுப்பில். கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள், திவசம் போச்சு என்று நினைத்தேன்.

"ஐயா, பிழை என்னிலதான்" என்றேன். "நான்தான் அதைக் குடுத்தனான். அவர் கேக்கவேயில்லை." அம்மா, திவசம், துறையில் நிற்கும் குருக்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. அம்மா என்ற சொல் விளங்கியது.

அவர் தூரப் போய்ப் போனில் யாரோடோ கதைத்தார். திரும்பி வந்து, "இவர் ஓட ஏலாது. பின்னேரம் பாஸ்போட் கொண்டு ஸ்டேஷன் வரணும். கார்ட் இங்க இருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அம்மாக்கு லைசன் இருக்கா?"

இருந்தது. பதினைந்து வருஷமாகக் கைப்பையில் இருந்தது. சோதனை பாஸான நாளுக்குப் பிறகு ஸ்கூட்டியைத் தவிர நான் எதையும் தொட்டதில்லை. எடுத்து நீட்டினேன்.

தம்பியும் நானும் இடம் மாறினோம். கார் இரண்டு தரம் துள்ளி நின்றது. பொலிஸ்காரர் சிரிக்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன். தாம்போதியின் இரண்டு பக்கமும் கடல். இரண்டாம் கியருக்கு மேல் மாற்றவில்லை. கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமலே பேசத் தொடங்கினேன். "எயார்போட்டில அந்தக் கவுண்டர் கண்ணில படேல்லையோ? படிச்சுப் படிச்சுச் சொன்னனான்!"

"கண்டனான் அக்கா."

"பிறகென்ன?"

"வெளிநாட்டுக்காரருக்கு எண்டு எழுதியிருந்தது. எனக்கில்லையெண்டு நினைச்சு வந்திட்டன்."

ஏசுவதற்கு நான் வாய் நிறையச் சொல் வைத்திருந்தேன். "பின்னால தண்ணிப் போத்தல் கிடக்கு, எடுத்துக் குடி" என்றேன்.

குருக்கள் துறையில் குடையோடு நின்றார். நேரம் போய்விட்டது என்று முறைத்தார். நான் ஓட்டுவதைப் பார்த்ததும் முறைப்பை விட்டுவிட்டுத் தேவாரம் முணுமுணுத்தார். ஒன்பதரைக்கு வீட்டில் இருந்தோம். தம்பி வேட்டியோடு குந்தி, தர்ப்பை மோதிரம் போட்ட கையால் அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். பாதி எள் நிலத்தில் சிந்தியது. பின்னேரத்தை நினைத்தோ, அம்மாவை நினைத்தோ தெரியாது. ஆனால் அவனே விட்டான். எனக்கு அது போதும் என்றிருந்தது.

பின்னேரம் பொலிஸில் இரண்டு மணித்தியாலம் வாங்குப் பலகையில் இருந்தோம். அங்கே பொறுப்பாக இருந்த பெரியவர் பாஸ்போட்டைப் பார்த்தார், என்னை ஒருக்கால் பார்த்தார், இனி கார் ஓடினால் வழக்காகிக் கோட்டுக்குப் போக வேண்டிவரும் என்று எச்சரித்துப் போகவிட்டார். ஐசியை மட்டும் தரவில்லை. "இது இனி உங்களிட்ட இருக்க ஏலாது" என்று மேசை லாச்சிக்குள் போட்டார். தம்பி அந்த லாச்சியைப் பார்த்துக்கொண்டே எழும்பினான்.

நாலாம் நாள் கொழும்புக்குப் போக வான் வந்து படலையில் நின்றது. பெட்டிகளை ஏற்றியாயிற்று. பாஸ்போட், ரிக்கெற், மருந்துத் துண்டு, எல்லாவற்றையும் கொப்பியைப் பார்த்துச் சரிபார்த்தேன். தம்பி என்னைக் கட்டிப்பிடித்து அழுதான், படலைப் பக்கம் திரும்பினான். அப்போது என் வாயிலிருந்து, நான் நினைக்காமலே, அம்மாவின் குரலில் வந்தது.

"ஐசி எடுத்தாச்சோ?"

அவன் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.