ஷெட் அஸ்திவாரமும் பெரியப்பா மகனும்

இன்று காலை கொல்லையில் ஷெட்டுக்கு அஸ்திவாரம் போட்டோம். போன புயலில் பழைய ஷெட் பறந்தது நண்பர்களுக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டில் என் பெரியப்பா மகன். ஒரு அடி எல்லைத் தகராறில் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அவர் எழுந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மேஸ்திரியை அவசரப்படுத்தினேன்.

முதல் சட்டிக் காங்கிரீட் குழிக்குள் விழுந்தபோது வேலியோரம் வந்து நின்றார்.

"மேஸ்திரி, அவர நிறுத்தச் சொல்லுங்க."

நான் மேஸ்திரி பக்கம் திரும்பினேன். கலந்த காங்கிரீட் காத்திருக்காது.

"நூலு என் எல்லைக்குள்ளதான் கட்டியிருக்குன்னு சொல்லுங்க மேஸ்திரி. வேணும்னா பத்திரத்தோட வரட்டும்."

"எல்லையப் பத்தி இப்ப யாரு பேசுனா? தூணு புடிக்கிற போல்ட்டு எங்கன்னு கேளுங்க. போன தடவ இவரு ஷெட்டு பறந்து வந்து எங்க சமையக்கட்டு மேல உக்காந்துச்சு. மறுபடியும் வர வேணாம்."

மேஸ்திரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் சார், ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது?"

கடலூரில் தேடி வாங்கிய எட்டு போல்ட்டும் ஸ்கூட்டர் பெட்டியிலேயே கிடந்தன. அவசரத்தில் மறந்தே போனேன். காங்கிரீட் இறுகியிருந்தால் அத்தனையையும் உடைக்க வேண்டியிருக்கும்.

எடுத்து வந்து வைத்தோம். கடைசி போல்ட் நிமிர்ந்து நிற்கும் வரை பார்த்துவிட்டுத்தான் அவர் உள்ளே போனார்.

அந்த ஒரு அடியை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். மேஸ்திரி நாளைக்கு வர மாட்டாராம். யாரிடம் சொல்லி அனுப்புவது?